ரேஷன் அரிசி போக மாதம் 7,000 ரூபாய்: ஐந்து பேருக்குச் சத்தான சாப்பாடு எப்படி?

கயல்_திண்டுக்கல்

வணக்கம் தோழிகளே, அண்ணன்மார்களே.

வீட்டில் ஐந்து பேர். நானும் கணவரும், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் மாமியார் (64), ஏழாம் வகுப்பு மகள் (12), இரண்டாம் வகுப்பு மகன் (7). பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி. ரேஷனில் 20 கிலோ அரிசி, 1 கிலோ துவரம்பருப்பு, 1 லிட்டர் பாமாயில், சர்க்கரை வாங்குகிறோம். அது போக, கேஸ் இல்லாமல், மளிகை, காய், பால், முட்டை, கறி எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 7,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும்.

இப்போது பணம் போகும் வழி: பால் தினம் ஒன்றரை லிட்டர், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் சத்துப் பானப் பொடி, பிஸ்கட், மிக்சர், வாரத்துக்கு மூன்று பாக்கெட் இட்லி மாவு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ பிராய்லர். மாதக் கடைசி வாரம் வெறும் ரசமும் உருளைக்கிழங்கும்தான்.

பள்ளியில் பார்த்த ரத்தப் பரிசோதனையில் மகளுக்கு ஹீமோகுளோபின் 10.2. அதனால்தான் கேட்கிறேன். எதைக் குறைத்து எதை வாங்குவது? ரேஷன் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, ரேஷன் அரிசி இட்லி கல்லாக வருகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பருப்புக்கணக்கு

சகோதரி, அரிசி இலவசமாக வருவதால் தட்டு முழுக்கச் சோறாகி, பருப்பு சுருங்கிவிடுகிறது. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஐந்து பேர் சாம்பாருக்கு ஒரு கைப்பிடி பருப்பு போட்டால் 50 கிராம். அதில் புரதம் 11 கிராம். ஆளுக்கு 2 கிராம் சொச்சம்தான் வருகிறது. ஒரு பெரியவருக்கு நாளைக்கு 50 கிராம் அளவில் தேவை. சாம்பார் தினம் வைத்தும் பிள்ளைகள் சோர்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும் பொருளில் ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும், நான் போடுவது தோராயம். ரேஷன் துவரை கிலோ 30 ரூபாய், அதில் 220 கிராம் புரதம்: கிராமுக்கு 14 பைசா. மீல்மேக்கர் கிலோ 130 என்றாலும் பாதிக்குப் பாதி புரதம், 25 பைசா. கொள்ளு 40 பைசா, நிலக்கடலை 55, வெளிக்கடைத் துவரை 60. முட்டை ஒரு ரூபாய். பால் ஒன்றே கால் ரூபாய்க்கு மேல். பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். பாலில் கலக்கும் பொடிகளில் பெரும்பங்கு மால்ட்டும் சர்க்கரையும். அந்தக் காசுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. முதலில் அந்த டப்பாவை நிறுத்துங்கள்.

அடுத்து, பள்ளியில் கிடைப்பதைக் கணக்கில் சேருங்கள். மகன் ஐந்தாம் வகுப்புக்குள் இருப்பதால் காலை உணவுத் திட்டத்தில் வருவான். சத்துணவில் இருவருக்கும் வாரம் ஐந்து முட்டை. அதனால் வீட்டில் பிள்ளைகளுக்கு முட்டை சனி, ஞாயிறு மட்டும் போதும், மாதம் 16. மொத்தம் 60 முட்டை வாங்கினால் மிச்சம் 44, பெரியவர்கள் மூவருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும்.

என் கணக்கில் 7,000 இப்படிப் பிரியும்: ரேஷன் துவரை போகப் பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து 8 கிலோ 900 ரூபாய். நிலக்கடலை 1 கிலோ 140. முட்டை 400. பால் ஒருநாள் ஒரு லிட்டர், மறுநாள் அரை லிட்டர்: அரை லிட்டர் பாக்கெட் 22 ரூபாய் என்றால் மாதம் 990. காய், கீரை 1,600. வெங்காயம், தக்காளி 450. மீன், கறி 600. வெளி எண்ணெய் ஒன்றரை லிட்டர் 270. கேழ்வரகு 4 கிலோ 200, கம்பு, சோளம், ரவை, அவல் சேர்த்து 5 கிலோ 300. தேங்காய் 200, மிளகாய், மல்லி, புளி, உப்பு 400, பழம் 400. மொத்தம் 6,850. மீதி 150 டீத்தூளுக்கு.

8 கிலோவில் என்னென்ன என்றால், துவரை 2, உளுந்து ஒன்றரை, கொள்ளு ஒன்று, தட்டைப்பயறு ஒன்று, பாசிப்பயறு ஒன்று, பொட்டுக்கடலை ஒன்று, மீதி அரைக் கிலோவுக்கு மொச்சையோ மீல்மேக்கரோ, எது மலிவோ அது. ரேஷனையும் சேர்த்தால் நாளைக்கு 300 கிராம். காலை மாவில் உளுந்து, மதியம் 150 கிராம் பருப்புக் குழம்பு, சாயங்காலம் சுண்டல் என்று பிரித்தால் தீர்ந்துவிடும். இதை மட்டும் குறைக்காதீர்கள். மாதக் கடைசியில் கை இறுகினால் தேங்காயைக் குறையுங்கள், பழத்தில் ஆப்பிள் பக்கமே போகாமல் கொய்யா, பப்பாளி, வாழை என்று வாங்குங்கள், பருப்பில் கைவைக்க வேண்டாம்.

பாமாயிலைத் தாளிக்க, அப்பளம் பொரிக்க வைத்துக்கொண்டு, மற்றதற்குக் கடலெண்ணெய். இரண்டரை லிட்டருக்கு மேல் ஐந்து பேருக்குத் தேவையில்லை.

நர்ஸ் அக்கா

கயல், மகள் விஷயத்தை மட்டும் சொல்றேன்.

12 வயசுப் பொண்ணுக்கு 12 இருக்கணும். 10.2ங்கறது சாப்பாட்டுல மட்டும் சரி பண்ற அளவு இல்லம்மா. பள்ளியில வாரம் ஒண்ணு கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகை வராம இருக்க. வந்துட்ட பிள்ளைக்கு அளவு வேற. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரையும் பூச்சி மருந்தும் இலவசமாவே கிடைக்கும். மாதவிடாய் ஆரம்பிச்சிருந்தா, எத்தனை நாள் போகுது, எவ்வளவு போகுதுன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

மாத்திரை போட்டா மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். வயித்தைப் புரட்டுனா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க. பாலோடயோ டீயோடயோ கொடுத்தா இரும்பு உடம்புல ஒட்டாது. நிறைய வீட்ல இதுதான் தப்பாகுது. ஹீமோகுளோபின் ஏறிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாசம் ஆகும், டாக்டர் நிறுத்தச் சொல்றவரைக்கும் போடணும்.

சாப்பாட்டுல பீட்ரூட்டை நம்பாதீங்க. நிறம்தான் ரத்தம் மாதிரி, இரும்பு கொஞ்சம்தான். பேரீச்சை சிரப்பும் செலவுதான். நம்ம ஊர்ல காலங்காலமா கொடுக்கிற சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அருமையான பொருள். ஆட்டுக்கறிக் கடையில முன்னாடியே சொல்லி வச்சு வாங்குங்க. பச்சையா வெட்டுனா ரத்தம் பூரா ஓடிடும். முழுசாக் கழுவி, மஞ்சள்தூள் போட்ட தண்ணியில அஞ்சாறு நிமிஷம் வேகவிட்டு, ஆறுனதும் துண்டு போட்டு, சின்ன வெங்காயம், மிளகு, சீரகத்தோட நல்லெண்ணெயில வதக்குங்க. உள்ள சிவப்பு தெரியக் கூடாது, நல்லா வேகணும். கிடைக்காத வாரம் ஆட்டு ஈரலோ கோழி ஈரலோ 200 கிராம், வாரம் ஒருதடவை. ஒரு கிலோ பிராய்லரை அரைக் கிலோவாக்கிட்டு மிச்சக் காசுல இதை வாங்கலாம்.

கீரை, பயறுல இருக்கிற இரும்பு ஒட்டணும்னா கூடவே புளிப்பு வேணும். சுண்டல் இறக்குனதும் எலுமிச்சை பிழியுங்க. இல்லன்னா ஒரு கொய்யா, கால் நெல்லிக்காய் போதும். சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்.

அப்புறம் ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணி வெளுப்பா மிதக்கும். பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கிப் போடுறாங்க, தயவுசெய்து போடாதீங்க! அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாப் பிடிச்சது அது, நூறு மணிக்கு ஒண்ணு கலந்திருக்கும். நாலஞ்சு தண்ணி விட்டுத் தேய்ச்சுக் கழுவாம, ரெண்டு தண்ணியில அலசுனாப் போதும். சோறை வடிக்காம குக்கர்ல அளவாத் தண்ணி வச்சு ஆக்குங்க. வடிச்சா அந்தக் கஞ்சியைக் கொட்டாதீங்க, உப்பும் மோரும் விட்டுக் குடிச்சிடுங்க.

கல்தோசை

பருப்பு வேகாததுக்கும் இட்லி கல்லாகறதுக்கும் நான் சொல்றேன்.

பருப்பு வேகலைன்னா மூணு காரணம். பருப்பு பழசு, தண்ணி உப்புத்தண்ணி, இல்ல வேகறதுக்கு முன்னாடியே புளி, தக்காளி போட்டுடறது. திண்டுக்கல் பக்கம் போர் தண்ணின்னா ரெண்டாவது காரணமாத்தான் இருக்கும். குடிக்கிற தண்ணியிலயே ஒரு மணி நேரம் ஊறவச்சு, அதே தண்ணியில வேகவைங்க. ஒரு பங்கு பருப்புக்கு மூணு பங்கு தண்ணி, மஞ்சள்தூள், அரை ஸ்பூன் எண்ணெய். எண்ணெய் விட்டா நுரை பொங்கி விசில் வழியா வராது. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்ல வச்சு 10 நிமிஷம், அப்புறம் அணைச்சுட்டு ஆவி தானா அடங்கட்டும். பெரிய தீயில எட்டு விசில் விடறதை விட கேஸ் நல்லா மிச்சமாகும். சோடா உப்பு போட்டா சீக்கிரம் வேகும், ஆனா தயமின்ங்கற வைட்டமின் அழிஞ்சிடும். வேண்டாம்.

இட்லிக்கு ரேஷன் புழுங்கலரிசி தாராளமா ஆகும். 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் முழு உளுந்து, 1 ஸ்பூன் வெந்தயம். அரிசி 5 மணி நேரம் ஊறணும். உளுந்தும் வெந்தயமும் ஒரு மணி நேரம் போதும், அதுக்கு மேல ஊறினா பொங்கறது குறையும். உளுந்தை முதல்ல ஆட்டுங்க. ஜில்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு 25 நிமிஷம் கிரைண்டர்ல ஓடணும். ஒரு சொட்டு மாவைத் தண்ணியில போட்டா மிதக்கணும். முழுகுச்சுன்னா இன்னும் ஆட்டணும், பெரும்பாலும் கல்லு இட்லிக்குக் காரணம் இதுதான். அரிசியைக் கொரகொரப்பா, ரவை பதத்துக்கு எடுங்க, ரேஷன் அரிசியை மைய ஆட்டினா இட்லி பிசுபிசுன்னு வரும். உப்புப் போட்டுக் கையால கலந்து 8 மணி நேரம் வச்சிடுங்க. மிக்சியில அரைச்சா மாவு சூடேறும், அப்ப ஐஸ் தண்ணி கட்டாயம். அப்பவும் சரியா வரலைன்னா உளுந்தைக் கால் டம்ளர் கூட்டிப் பாருங்க, பழைய உளுந்து சரியாப் பொங்காது.

ரெண்டு நாள் இட்லி, மூணாம் நாள் மிச்ச மாவுல சம அளவு கேழ்வரகு மாவு கரைச்சு தோசை. கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, பால் குறைச்சதுக்கு இது ஈடுகட்டும்.

அடைக்கு 2 டம்ளர் ரேஷன் அரிசி, அரை டம்ளர் துவரை, அரை டம்ளர் கொள்ளு, கால் டம்ளர் உளுந்து, 6 காஞ்ச மிளகாய், பெருங்காயம். கொள்ளு மட்டும் முந்தின ராத்திரியே ஊறணும், மத்தது 3 மணி நேரம். புளிக்க வைக்க வேண்டாம், அரைச்ச உடனே ரெண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு ஊத்துங்க. கல்லுல அடை நடுவுல ஒரு ஓட்டை போட்டு அதுல எண்ணெய் விட்டாத்தான் நடுப்பகுதி வேகும்.

பருப்பு உருண்டைக் குழம்பு மாசத்துல நாலு தடவை வைங்க, காயே இல்லாத நாளுக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது. 200 கிராம் துவரை போதும், அஞ்சு பேருக்கு ஆளுக்கு 40 கிராம் பருப்பு உள்ள போயிடும். உருண்டை உடையுதுன்னு பயந்து நிறையப் பேர் விட்டுடறாங்க. தண்ணி விட்டு மைய அரைச்சாத்தான் உடையும். ரெண்டு மணி நேரம் ஊறின பருப்பை நல்லா வடிகட்டி, தண்ணியே விடாம மிளகாய், சோம்போட கொரகொரப்பா அரைச்சு, வெங்காயம் சேர்த்து உருட்டி, இட்லித் தட்டுல 10 நிமிஷம் ஆவியில வேகவச்சுட்டு, கொதிக்கிற குழம்புல கடைசியில போடுங்க. போட்டப்புறம் கரண்டியால கிண்டாம, சட்டியைச் சுத்தி விடுங்க.

சந்தைக்காரன்

அக்கா, காய் வாங்குவது பற்றிச் சுருக்கமாக. உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, அன்று மலிந்த இரண்டு காயை மூன்று நாளுக்குச் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் முடிவு செய்துகொண்டு போய்க் கேட்டால் விலை கூடத்தான் இருக்கும். பரங்கி, சுரை, பப்பாளிக்காய், வாழைத்தண்டு, முள்ளங்கி பெரும்பாலும் கைக்கு அடங்கும் விலை. முள்ளங்கி வாங்கினால் இலையோடு கேளுங்கள், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம். காலிஃபிளவர் தண்டையும் இளம் இலையையும் பொரியலில் சேர்க்கலாம். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே கிடைக்கும்.

மீனுக்குக் கடல்மீன் தேட வேண்டாம். அணைமீன் ஜிலேபிக் கெண்டை விலை குறைவு. மத்தி வந்தால் விடாதீர்கள். கருவாடு என்றால் நெத்திலி 100 கிராம் ஒரு குழம்புக்கு ஆகும். வெந்நீரில் மூன்று முறை அலசி உப்பை எடுத்துவிட்டு, குழம்பில் உப்பே போடாமல் இறக்கி, ருசி பார்த்துச் சேருங்கள்.

கயல்_திண்டுக்கல்

எல்லாருக்கும் மிக்க நன்றி! குறித்து வைத்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். பயறு சாப்பிட்டால் மாமியாருக்கு வாயு பிடிக்கிறது, சர்க்கரைக்குக் கேழ்வரகுக் கஞ்சி நல்லது என்று காலையில் அதைத்தான் குடிக்கிறார். மகன் கீரையைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறான், அந்தச் சத்துப் பானம் இல்லாமல் பாலும் குடிக்க மாட்டான்.

பருப்புக்கணக்கு

மாமியாருக்குக் கஞ்சி வேண்டாம். மாவாக அரைத்துத் தண்ணீராகக் கரைத்துக் குடித்தால், கேழ்வரகானாலும் சர்க்கரை சட்டென்று ஏறும். அதே கேழ்வரகை அடையாகத் தட்டிப் பருப்போ முட்டையோ சேர்த்துக் கொடுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வையுங்கள். சோற்றைக் குறைத்தபின் மாத்திரை அப்படியே ஓடினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், அதனால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாயுவுக்கு: பயறை 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளை கட்டினால் இன்னும் நல்லது. அவருக்கு முதல் இரண்டு வாரம் பாசிப்பயறு மட்டும், ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி. பிறகு தட்டைப்பயறு, கடைசியாகக் கொள்ளு. தாளிக்கும்போது பெருங்காயமும் இஞ்சியும் தாராளமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கிண்ணம் நிறையக் கொடுத்தால் எந்த வயிறும் உப்பத்தான் செய்யும்.

கல்தோசை

பையனுக்கு நான் சொல்றேன். கீரையைக் கீரையா வைக்காதீங்க. ரெண்டு முட்டைக்கு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை முதல்ல எண்ணெயில மொறுமொறுன்னு வதக்கிட்டு, அது மேல முட்டையை உடைச்சு ஊத்திப் பொரிச்சுக் கொடுங்க. கீரை பச்சையாக் கிடந்தா கசக்கும், அதனாலதான் பிள்ளைங்க தள்ளுது. காம்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாது.

பானத்துக்கு வீட்டுச் சத்துமாவு. அரைக் கிலோ கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவச்சு, துணியில கட்டி முளை விட்டதும் நிழல்ல உலர்த்தி வறுத்துக்கோங்க. கூட 200 கிராம் பொட்டுக்கடலை, 100 கிராம் பாசிப்பயறு, 4 ஏலக்காய். பயறை வாசம் வர வறுக்கணும், பொட்டுக்கடலை சூடானாப் போதும். எல்லாம் நல்லா ஆறினப்புறம் மில்லுல கொடுங்க, சூட்டோட அரைச்சா டப்பாவுல வேர்த்துக் கட்டியாகிடும். ஒரு டம்ளர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன், பச்சைத் தண்ணியில கரைச்சுட்டுத்தான் அடுப்புல வைக்கணும். 5 நிமிஷம் கிண்டி இறக்கி, நாட்டுச்சர்க்கரையும் கால் டம்ளர் பாலும் சேருங்க. முதல் வாரம் பழைய பானத்துல ஒரு ஸ்பூன் கலந்து பழக்குங்க.

நிலக்கடலையை இந்த மாவுல சேர்க்காதீங்க, பத்து நாள்ல சிக்கு வாடை வந்துடும். தனியா அவிச்சோ வறுத்தோ கொடுங்க. வாங்கும்போதே சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடிச்சதைப் பொறுக்கித் தூரப் போட்டுடணும். அந்தப் பூசணத்து நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது.